சோர்ந்தவர் ஸ்னெல் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பேஸ்பால் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கிரிக்கெட்டும் கால்பந்தும் போக மிச்சமிருக்கும் இடத்தில் இந்த ஆட்டத்துக்கு அரைப்பக்கம் கொடுத்ததற்கு நன்றி. ஆனால் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரின் 2020 ஆறாவது ஆட்டத்தில், டாம்பா பே ரேஸ் அணியின் மேனேஜர் கெவின் கேஷ் தம் பிட்சர் (பந்து வீசுபவர்) பிளேக் ஸ்னெல்லை வெளியே எடுத்ததைக் 'கம்ப்யூட்டர் பேச்சைக் கேட்டுக் கெட்ட கதை' என்று கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்த முடிவு தவறு என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. தவறு எந்த இடத்தில் நடந்தது என்பதில்தான் எனக்கு வேறு கருத்து.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய வாசகர்களுக்கு ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் களைத்தால் ஐந்து ஓவரோடு நிறுத்தி ஃபைன் லெக்கில் நிற்கவைத்து, மாலையில் மறுபடி அழைக்கலாம். பேஸ்பாலில் அந்த வசதி கிடையாது. ஆட்டத்திலிருந்து எடுக்கப்பட்டவர் அன்றைக்குத் திரும்பி வர முடியாது. ஆகவே பிட்சர் நின்று வீசும் மேட்டை நோக்கி மேனேஜர் நடப்பது ஓவர் மாற்றுவது போன்றதல்ல, கையிலிருந்த ஒரு சீட்டைக் கிழித்துப் போடுவது.

அன்றைக்கு நடந்தது இதுதான். 2020 அக்டோபர் 27, டெக்சஸின் ஆர்லிங்டன். எதிரணி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். முதல் இன்னிங்ஸில் ராண்டி அரோசரேனா அடித்த ஹோம் ரன்னால் டாம்பா 1-0 முன்னிலை. ஸ்னெல் 73 பந்துகள் வீசியிருந்தார். மூன்று ஸ்ட்ரைக்கில் ஆளை வீழ்த்தும் ஸ்ட்ரைக் அவுட் ஒன்பது; நான்கு தவறான பந்து வீசி முதல் பேஸை இலவசமாகக் கொடுக்கும் வாக் ஒன்றுகூட இல்லை. ஆறாவது இன்னிங்ஸில் ஒரு அவுட்டுக்குப் பிறகு, வரிசையில் ஒன்பதாவதாக ஆடிய ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு சிங்கிள் (முதல் பேஸ்வரை ஓட உதவும் அடி) அடித்தார். ஸ்னெல் கொடுத்த இரண்டாவது ஹிட் அது. உடனே கேஷ் வந்துவிட்டார். அடுத்து வரவேண்டியவர்கள் மூக்கி பெட்ஸ், கோரி சீகர், ஜஸ்டின் டர்னர். அந்த மூவரும் அதுவரை ஸ்னெல்லை ஆளுக்கு இருமுறை சந்தித்து, ஆறு முறையும் ஸ்ட்ரைக் அவுட் ஆகியிருந்தார்கள்.

பிறகு ஏன் எடுத்தார்? ஸ்னெல் அதுவரை சந்தித்தது 18 பேட்டர்களை, அதாவது ஒன்பது பேர் வரிசையில் சரியாக இரண்டு சுற்று. பெட்ஸ் வந்தால் மூன்றாம் சுற்று தொடங்கும். ஒரே பிட்சரை ஒரே நாளில் மூன்றாம் முறை சந்திக்கும்போது பேட்டர்கள் பொதுவாக நன்றாக அடிக்கிறார்கள் என்பது பல்லாயிரம் ஆட்டங்களின் பதிவுகளிலிருந்து தெரிந்த உண்மை. இதற்குக் களைப்பு மட்டுமே காரணமல்ல, பழக்கமும் காரணம். ஸ்லைடர் என்ற வளையும் பந்து கையைவிட்டு எந்த உயரத்தில் புறப்படுகிறது, எங்கே வளைகிறது என்பதைக் கண் இரண்டு முறை பார்த்துவிட்டது. 60 பந்தில் மூன்றாம் சுற்றுக்கு வந்தவருக்கும் 90 பந்தில் வந்தவருக்கும் இந்தச் சங்கடம் உண்டு. அந்த 2020 சீசனில் ஸ்னெல் ஒரு ஆட்டத்திலும் ஆறு இன்னிங்ஸை முடித்ததில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கேஷின் கணக்கு முதல் பாதிவரை பிழையற்றது.

பிழை மறுபாதியில். ஸ்னெல்லுக்குப் பதிலாக வந்தவர் நிக் ஆண்டர்சன். 60 ஆட்டங்களாகச் சுருங்கிய அந்த சீசனில் அவருடைய இ.ஆர்.ஏ. வெறும் 0.55, ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ஓட்டம் கொடுக்கிறார் என்பதைச் சொல்லும் கணக்கு அது. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் அவரைவிட நம்பகமான ஆள் உலகத்தில் இல்லை. ஆனால் அக்டோபரில் அவர் வேறு ஆளாகியிருந்தார். அன்றிரவுக்கு முந்தைய ஆறு ஆட்டங்களிலும் தொடர்ந்து ஓட்டம் கொடுத்திருந்தார். வந்ததும் பெட்ஸ் ஒரு டபுள் (இரண்டாம் பேஸ்வரை ஓட உதவும் அடி) அடித்தார். பிறகு, பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு எட்டாமல் போன ஒரு பந்தில் பார்ன்ஸ் ஓடி வந்து ஆட்டத்தைச் சமன் செய்தார். அடுத்து சீகர் முதல் பேஸ் பக்கம் தட்டிய பந்தில் பெட்ஸ் ஓடி வந்து முன்னிலையும் பெற்றுத்தந்தார். 1-0 என்றிருந்தது 1-2 ஆக ஆறு பந்தைத் தாண்டவில்லை என்று சொல்லும் அளவுக்குச் சட்டென்று நடந்தது. இறுதியில் டாட்ஜர்ஸ் 3-1, கோப்பையும் அவர்களுக்கே. அடுத்த மார்ச்சில் ஆண்டர்சனின் முழங்கைத் தசைநாரில் பகுதிக் கிழிசல் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. அக்டோபர் உழைப்புதான் காரணம் என்று சாதிக்க மாட்டேன். அன்றிரவு மைதானத்தில் களைத்த பிட்சர் யார் என்று கேட்டால் மட்டும், மேட்டிலிருந்து இறங்கியவரை நான் காட்ட மாட்டேன்.

இதுதான் என் வாதம். 'இவர் களைத்துவிட்டாரா' என்பது பாதிக் கேள்வி. 'அடுத்து வரும் மூன்று பேட்டர்களுக்கு எதிராக, இப்போதைய நிலையில் இருக்கும் இவரா, இப்போதைய நிலையில் இருக்கும் அவரா' என்பதுதான் முழுக் கேள்வி. மூன்று பேர் என்பது என் கற்பனை இல்லை. 2020 முதல் மேஜர் லீக்கில், புதிதாக வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களைச் சந்தித்தாக வேண்டும், இல்லையென்றால் அந்த இன்னிங்ஸ் முடிய வேண்டும். காயமோ நோயோ இருந்தால் மட்டும் விலக்கு. முன்பெல்லாம் இடக்கை பேட்டர் ஒருவரை அவுட்டாக்க மட்டும் ஒரு இடக்கை பிட்சரை வரவழைத்து, ஒரே ஆளோடு அனுப்பிவிடுவார்கள். அந்தத் தொழிலே இன்று இல்லை. வருகிறவர் வலக்கை, இடக்கை, வலக்கை என்று மாறிமாறி வரும் மூவரையும் சமாளிக்க வேண்டும். பெட்ஸ் வலக்கை பேட்டர் என்பதால் வலக்கை ஆண்டர்சனைக் கொண்டுவந்ததாகச் சொல்லலாம். ஆனால் அந்த ஆண்டு பெட்ஸ் இடக்கையர்களைவிட வலக்கையர்களைத்தான் நன்றாக அடித்து வந்தார்.

இன்னொன்று, கட்டுரையில் கண்ணில்படாதது: இந்த முடிவு மேட்டுக்கு நடக்கும்போது எடுக்கப்படுவதில்லை. பத்து நிமிடம் முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. மாற்று பிட்சர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து வந்து வீச முடியாது. முதலில் மெதுவாக, பிறகு முக்கால் வேகத்தில், கடைசியில் முழு வேகத்தில் என்று 20, 25 பந்துகள் எறிந்துதான் தோள் சூடாகும். ஏழெட்டு நிமிடம் பிடிக்கும். 12 பந்தில் தயாராகிறவர்கள் உண்டு. அவர்கள் மேனேஜருக்கு வரப்பிரசாதம். மேட்டில் இருப்பவர் விரைவாக ஆடினால் ஒரு இன்னிங்ஸ் முழுவதுமே ஆறேழு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே இரண்டு பேர் பேஸில் ஏறிய பிறகு, மாற்று பிட்சர்கள் சூடாகும் இடமான புல்பென்னுக்குத் தொலைபேசியை எடுத்தால் காலம் கடந்துவிட்டது. மாற்றாள் சூடாகும்வரை களைத்தவரே இன்னும் இரண்டு பேட்டர்களைச் சந்திப்பார், பெரும்பாலும் அந்த இரண்டு பேர்தான் ஆட்டத்தை முடித்துவைப்பார்கள்.

அப்படியானால் எல்லோரையும் முன்கூட்டியே எழுப்பிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அதற்கும் விலை உண்டு. எழுந்து 25 பந்து எறிந்துவிட்டு, ஆட்டத்துக்கு அழைக்கப்படாமலே உட்கார்ந்தவருடைய கைக்கு அந்த 25 பந்தும் பந்துதான். ஸ்கோர் அட்டையில் அது ஏறாது. ஒரு வாரத்தில் மூன்று முறை இப்படி எழுந்து உட்கார்ந்தவர் நான்காம் நாள் அழைக்கப்படும்போது, தாளில் 'மூன்று நாள் ஓய்வு' என்றிருக்கும், தோளில் இருக்காது. நல்ல அணிகளில் புல்பென் கோச் தனிக் குறிப்பேடு வைத்திருப்பார். எத்தனை முறை எழுந்தார், எத்தனை பந்து முழு வேகத்தில் எறிந்தார், இரண்டாம் முறை எழுப்பப்பட்டாரா என்று எழுதிவைப்பார். இரண்டு முறை எழுப்பினால் மூன்றாம் முறை வேண்டாம், கொண்டுவா, இல்லையென்றால் இன்றைக்கு விட்டுவிடு என்பது பலரும் கடைப்பிடிக்கும் வழக்கம்.

இனி, களைப்பு எப்படித் தெரியும் என்பது. கட்டுரை ரேடார் துப்பாக்கியை மட்டும் சொல்லியிருந்தது. ஃபாஸ்ட்பாலின் வேகம் முதல் இரண்டு இன்னிங்ஸின் சராசரியைவிட மணிக்கு மூன்று கிலோமீட்டர் குறைந்தால் கவனிக்க வேண்டும் என்பது சரி. ஆனால் வேகம் கடைசியில்தான் குறையும், சிலருக்குக் குறையவே குறையாது. உடல் தளரும்போது பிட்சர் இன்னும் பலமாக எறிந்து வேகத்தைக் காப்பாற்றிக்கொள்வார். கெடுவது குறி. கேட்சரின் கையுறையைப் பாருங்கள். அவர் காட்டிய இடத்திலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்து பிடிக்கிறார் என்பதே முதல் அளவுகோல். களைத்த வலக்கையரின் பந்து மேலேயும், வலக்கை பேட்டரின் உடம்பை நோக்கியும் விலகும். முன்கால் ஊன்றும் இடம் சில அங்குலம் குறுகிவிடும், உடல் முன்னே போய்விடும், கை பின்தங்கும், பந்து சீக்கிரமே கைவிட்டுப் போகும். அதனால்தான் உயரம். முழங்கை தாழ்ந்தால் பந்து புறப்படும் இடம் இறங்கும். இதைக் கண்ணால் பிடிப்பது கடினம், மைதானத்துக் கேமராக்கள் ஓரிரு அங்குலம்வரை காட்டிவிடும். கர்வ்பால் கீழே விழாமல் நெஞ்சு உயரத்தில் உருண்டு வரும். இந்தப் பந்துக்காகத்தான் எதிரணி காத்திருக்கும்.

அவுட்டிலும் அறிகுறி உண்டு. ஒரு இன்னிங்ஸில் மூன்று பேரும் அவுட் ஆனார்கள் என்று கைதட்டிவிட்டுப் போகக் கூடாது. மூன்று பந்தும் எல்லைச் சுவர் ஓரம்வரை பறந்துபோய்ப் பிடிபட்டிருந்தால் அது எச்சரிக்கை மணி. இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு பேட்டர் ஆறு, ஏழு பந்துகளை ஃபவுலாக்கிக்கொண்டே (கோட்டுக்கு வெளியே தட்டிக்கொண்டே) இருந்தால், முடித்துவைக்கும் பந்து பிட்சரிடம் தீர்ந்துவிட்டது என்று பொருள். 2023க்கு முன் களைத்த பிட்சர் பந்துகளுக்கிடையில் நேரம் கடத்துவார், தொப்பியைச் சரிசெய்வார், மண்ணைக் காலால் தள்ளுவார். இப்போது பிட்ச் கடிகாரம் வந்துவிட்டது. பேஸ் காலியென்றால் 15 விநாடி, ஆள் இருந்தால் 18. மூச்சு வாங்க இடமில்லை. ஆகவே பழைய அடையாளங்களில் ஒன்று காணாமல் போயிற்று, களைப்பும் விரைந்து வருகிறது.

மொத்த எண்ணிக்கையைவிட அது எப்படிச் சேர்ந்தது என்பது முக்கியம். ஒரு இன்னிங்ஸுக்கு 15, 16 பந்து என்பது சாதாரணம். ஆறு இன்னிங்ஸில் அப்படிச் சேர்ந்த 95 பந்து வேறு, ஒரே இன்னிங்ஸில் 35 பந்து வீசி, மூன்று பேரைப் பேஸில் வைத்துக்கொண்டு சேர்ந்த 70 பந்து வேறு. இரண்டாவதுதான் கையை உடைக்கும். ஒரே இன்னிங்ஸில் 25ஐத் தாண்டினால் மாற்றாள் எழுந்து நிற்க வேண்டும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும் சரி. 100 பந்தானால் பிட்சரை எடுத்துவிட வேண்டும் என்பார்கள்; இந்த '100' எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. முழு எண் என்பதால் மனத்தில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். நமக்குப் பத்து விரல் இல்லாமல் எட்டு விரல் இருந்திருந்தால் 64 பந்தில் கொடி காட்டியிருப்பார்கள்.

ஸ்னெல்லுக்கு நேர் எதிரான உதாரணத்தையும் கட்டுரை தொட்டிருக்கலாம். 2003 அக்டோபர் 16, எதிரணி நியூயார்க் யாங்கீஸின் மைதானம், அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். பாஸ்டன் ரெட் சாக்ஸுக்காக பெட்ரோ மார்டினெஸ். ஏழு இன்னிங்ஸ் முடிந்தபோது சரியாக 100 பந்து. அவர் தம் வேலை முடிந்தது என்பதுபோல் வானை நோக்கிக் கைகாட்டியபடி இறங்கினார். எட்டாவது தொடங்கும்போது அணி 5-2 முன்னிலை. மேனேஜர் கிரேடி லிட்டில் அவரையே அனுப்பினார். முதல் ஆள் அவுட். டெரெக் ஜீட்டர் டபுள், பெர்னி வில்லியம்ஸ் சிங்கிள், ஸ்கோர் 5-3. லிட்டில் மேட்டுக்குப் போனார். பெட்ரோ முடியும் என்றார். லிட்டில் தனியாகத் திரும்பினார். ஹிடேகி மட்சுயி டபுள், ஹோர்ஹே போசாடா டபுள், 5-5. மொத்தம் 123 பந்து. 11ஆம் இன்னிங்ஸில் யாங்கீஸின் ஏரன் பூன் அடித்த ஹோம் ரன்னோடு தொடர் முடிந்தது, லிட்டிலுக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தம் கிடைக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஜீட்டரும் மட்சுயியும் அடித்த பந்துகள். இருவருமே இரண்டு ஸ்ட்ரைக், ஒரு 'பால்' (தவறான பந்து) கூட இல்லை என்ற நிலையில் இருந்தார்கள். பிட்சருக்கு இதைவிடச் சாதகமான நிலை கிடையாது. பெட்ரோவின் வேகம் பெரிதாகக் குறையவில்லை, ஸ்ட்ரைக் போடுவதிலும் குறையில்லை. மூன்றாவது ஸ்ட்ரைக்குக்கான கூர்மைதான் போய்விட்டது. நான் மேலே சொன்ன 'முடித்துவைக்கும் பந்து தீர்ந்தது' என்பதற்கு இதைவிடப் பளிச்சென்ற சான்று இல்லை. வெளியே மைக் டிம்லினும் ஆலன் எம்ப்ரியும் இருந்தார்கள், அந்த அக்டோபரில் இருவரும் ஒரு ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை. ஆகவே முழுக் கேள்விக்கும் விடை அன்று தெளிவாகவே இருந்தது: இவர் களைத்தவர், அவர்கள் புதியவர்கள். கேஷிடம் 2020இல் அது தலைகீழாக இருந்தது. இரண்டு மேனேஜர்களும் ஒரே தவற்றைத்தான் செய்தார்கள். ஒருவர் பிட்சரின் பெயரைப் பார்த்தார், மற்றவர் பிட்சரின் சீசன் எண்ணைப் பார்த்தார். அன்றிரவின் கையை இருவரும் பார்க்கவில்லை.

'முடியுமா?' என்று பிட்சரையே கேட்பது வீண். முடியாது என்று சொல்லும் குணமுள்ளவர் அந்த மேடுவரை வந்திருக்கவே மாட்டார். 2015 உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்திலும் இதேதான். நியூயார்க் மெட்ஸ் 2-0 முன்னிலை, மேட் ஹார்வி எட்டு இன்னிங்ஸில் 102 பந்து. ஒன்பதாவதை நானே வீசுவேன் என்று டக்கவுட்டில் மல்லுக்கு நின்றார். மேனேஜர் டெரி காலின்ஸ் இணங்கினார். முதல் ஆளுக்கு வாக், இரண்டாம் ஆள் டபுள். கான்சஸ் சிட்டி ஆட்டத்தைச் சமன் செய்து, 12 இன்னிங்ஸில் 7-2 என்று வென்று கோப்பையையும் எடுத்துக்கொண்டது. ஒன்பதாவதுக்கு அனுப்பியதை நான் குறை சொல்ல மாட்டேன். முதல் வாக் விழுந்ததும் போகாததுதான் குறை. எல்லையில் நிற்கும் பிட்சரைப் புது இன்னிங்ஸுக்கு அனுப்பினால், மாற்றாள் சூடாகி நிற்க, ஒரு ஆள் பேஸ் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். அப்படிச் செய்ய மனமில்லை என்றால் இன்னிங்ஸ் தொடங்கும்போதே மாற்றிவிடுவது மேல். வருகிறவருக்குப் பேஸ் காலியாகக் கிடைக்கும்.

பிட்சரைக் கேட்காமல் யாரைக் கேட்பது? கேட்சரை. பந்து கையுறையில் எப்படி விழுகிறது என்று அவருக்குத் தெரியும். 'இன்னும் கனமாக இருக்கிறதா?' என்று பிட்சிங் கோச் டக்கவுட்டில் கேட்பார். கேட்சர் தலையாட்டுவதற்கு அரை விநாடி தாமதித்தாலே விடை கிடைத்துவிட்டது. இதையும் இன்னிங்ஸ்களுக்கிடையில்தான் கேட்க வேண்டும், மேட்டில் பிட்சர் முன்னால் அல்ல.

மேட்டுக்குப் போவதிலும் கண்ணி உண்டு. ஒரே இன்னிங்ஸில் அதே பிட்சரிடம் மேனேஜரோ கோச்சோ இரண்டாம் முறை போனால் அவரை எடுத்தே ஆக வேண்டும். 2010 ஜூலை 20 அன்று டாட்ஜர்ஸின் டான் மாட்டிங்லி, ஜொனாதன் பிராக்ஸ்டனிடம் பேசிவிட்டு மேட்டைவிட்டு இறங்கினார். முதல் பேஸ்காரர் ஏதோ கேட்க, மறுபடி திரும்பிக் காலெடுத்து வைத்தார். எதிரணி மேனேஜர் புரூஸ் போச்சி அதை நடுவரிடம் சுட்டிக்காட்டினார். இரண்டு அடி திரும்பியது இரண்டாவது வருகையாகக் கணக்கிடப்பட்டு, பிராக்ஸ்டன் வெளியேற வேண்டியதாயிற்று. சரியாகச் சூடாகாத ஜார்ஜ் ஷெரில் வந்து முன்னிலையைக் கொடுத்தார். இது தவிர 2018இலிருந்து மாற்றமில்லாத வருகைகளுக்கு மொத்த வரம்பும் உண்டு. முதலில் ஆறு, 2019இல் ஐந்து, 2024இலிருந்து நான்கு. கேட்சர் எழுந்து போவதும் இதில் சேரும். மாற்றாள் சூடாக நேரம் வாங்கிக்கொடுக்கும் பழைய தந்திரம், அதாவது முதலில் கேட்சர், பிறகு கோச், பிறகு மேனேஜர் என்று வரிசையாக நடப்பது, இன்று எண்ணிச் செலவழிக்க வேண்டிய காசு. ஐந்தாவது இன்னிங்ஸிலேயே தீர்த்துவிட்டால் எட்டாவதில் கையைப் பிசைய வேண்டியதுதான்.

'அந்தக் காலத்தில் ஒன்பது இன்னிங்ஸையும் ஒருவரே வீசினார்களே' என்ற கட்டுரையின் ஏக்கத்துக்கு வருகிறேன். உண்மைதான். 1920 மே 1 அன்று லியோன் கடோரும் ஜோ ஓஷ்கரும் ஆளுக்கு 26 இன்னிங்ஸ் வீசி 1-1 என்று சமனில் முடித்தார்கள். 1974 ஜூன் 14 அன்று நோலன் ரயன் 13 இன்னிங்ஸில் 235 பந்து வீசிவிட்டு, 46 வயதுவரை ஆடினார். அவருடைய ஆட்டவாழ்வும் 1993 செப்டம்பரில் மேட்டிலேயே முழங்கைத் தசைநார் கிழிந்துதான் முடிந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. ரயன் ஒருவர் நினைவிருக்கிறார்; அவரைப்போல் வீசப்போய் 25 வயதில் காணாமல் போனவர்கள் பட்டியலில் இல்லை. மார்க் பிரையரை மட்டும் சொல்கிறேன். 2003இல் 23 வயது, சிகாகோ கப்ஸ். செப்டம்பரில் பலமுறை 120 பந்துகளைத் தாண்டினார். அக்டோபர் 14இல், உலகத் தொடருக்கு ஐந்து அவுட் மட்டுமே மிச்சம் என்ற நிலையில் 3-0 முன்னிலையோடு எட்டாவது இன்னிங்ஸில் 119 பந்துவரை மேட்டில் நின்றார். அந்த இன்னிங்ஸில் கப்ஸ் எட்டு ஓட்டங்களைக் கொடுத்தது. ஊரே பந்தைப் பிடிக்கக் கைநீட்டிய ஒரு ரசிகரைத் திட்டியது, களைத்த கையை யாரும் பேசவில்லை. 2006க்குப் பிறகு பிரையர் மேஜர் லீக்கில் வீசவே இல்லை. 2020இல் ஸ்னெல் மேட்டிலிருந்து இறங்கியபோது எதிர் டக்கவுட்டில் டாட்ஜர்ஸின் பிட்சிங் கோச்சாக இருந்தவர் அவர்தான்.

சிறுவர் ஆட்டத்தில் நான் மேலே சொன்ன கணக்குகள் ஒன்றும் பொருந்தாது. அங்கே வெற்றி தோல்வியைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, எண்ணைப் பார்த்து மட்டும் எடுக்க வேண்டும். அலபாமாவில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைச் சிகிச்சைக்கு வந்த இளம் பிட்சர்களையும் நலமாக இருந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். கை களைத்த நிலையிலும் வழக்கமாக வீசியவர்களுக்கு அறுவைச் சிகிச்சை வாய்ப்பு 36 மடங்கு. ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் ஆடியவர்களுக்கு ஐந்து மடங்கு, ஆட்டத்துக்கு 80 பந்துக்கு மேல் வீசியவர்களுக்கு நான்கு மடங்கு. மூன்றில் எது பெரிது பாருங்கள். காரணம் எளிது. முழங்கையின் உட்பக்கத் தசைநாரைச் சுற்றியிருக்கும் முன்கைத் தசைகள்தான் ஒவ்வொரு எறிதலிலும் இழுவையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அவை தளர்ந்ததும் முழுப் பாரமும் தசைநார்மேல் விழுகிறது. தசை ஓய்வில் தேறும், தசைநார் அப்படித் தேறாது.

அமெரிக்காவில் நம் பிள்ளைகளும் சிறுவர் பேஸ்பாலான லிட்டில் லீக் ஆடுகிறார்கள் என்பதால் எண்களைத் தந்துவிடுகிறேன். ஒரு நாளைக்கு 7, 8 வயதுக்கு 50 பந்து. 9, 10க்கு 75. 11, 12க்கு 85. 13 முதல் 16வரை 95. 17, 18க்கு 105. இது உச்சவரம்பு, இலக்கல்ல. 14 வயதுவரை 20 பந்துவரை வீசினால் மறுநாளும் வீசலாம். 21 முதல் 35வரை ஒரு நாள் ஓய்வு, 50வரை இரண்டு, 65வரை மூன்று, 66 முதல் அதற்கு மேல் நான்கு. 41 பந்தோ அதற்கு மேலோ வீசிய பிள்ளை அன்றைக்குக் கேட்சராக உட்காரக் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறவர் கேட்சர். பயிற்சியாளர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். கைவலு உள்ள பையன் ஒருவனே இரண்டு வேலைக்கும் ஏற்றவனாக இருப்பான். இரு அணிகளும் தனித்தனியே எண்ணி, ஒவ்வொரு அரை இன்னிங்ஸ் முடிவிலும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். ஆறாவது இன்னிங்ஸில் தகராறு செய்து பயனில்லை. சனிக்கிழமை ஒரு லீகிலும் ஞாயிற்றுக்கிழமை வேறொரு பயண அணியிலும் வீசும் பிள்ளையின் கணக்கை இரண்டு பயிற்சியாளர்களுமே அறிந்திருக்க மாட்டார்கள். அதை எழுதிவைக்க வேண்டியவர்கள் பெற்றோர்.

ஜப்பானில் இந்த இடத்துக்கு வந்துசேர நீண்டகாலம் ஆயிற்று. 1998 கோடைக்கால கோஷியன் பள்ளிப் போட்டியில் டைசுகே மட்சுசாகா 17 இன்னிங்ஸில் 250 பந்து வீசியதை அந்நாடு காவியமாகப் பாடியது. வாரத்துக்கு 500 பந்து என்ற வரம்பு 2020இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, ஓஃபுனாட்டோ பள்ளியின் பயிற்சியாளர், அரையிறுதியில் 129 பந்து வீசிய ரோகி சசாகியை மறுநாள் மாகாண இறுதி ஆட்டத்தில் இறக்கவே இல்லை. அணி 12-2 என்று தோற்றது, பள்ளிக்குக் கண்டனம் குவிந்தது. அதே சசாகி 2022 ஏப்ரல் 10 அன்று சிபா லோட்டே அணிக்காக 105 பந்தில் 19 ஸ்ட்ரைக் அவுட்டோடு ஒருவரைக்கூடப் பேஸ் ஏறவிடாமல் ஆட்டத்தை முடித்தார். ஒரு வாரம் கழித்து மறுபடியும் எட்டு இன்னிங்ஸ்வரை ஒருவரும் ஏறவில்லை, 102 பந்து. மேனேஜர் டடாஹிட்டோ இகுச்சி எடுத்துவிட்டார். தொடர்ந்து இரண்டு முழுமை ஆட்டம் என்பது எங்கும் நடந்திராத ஒன்று, அப்போதும் எடுத்தார். அணி பத்தாவது இன்னிங்ஸில் 1-0 என்று தோற்றது. தோற்றதால் முடிவு தவறென்று ஆகிவிடாது, ஸ்கோர் அப்போது 0-0, 20 வயதுக் கை.

கடைசியாக ஒரு சிறு திருத்தம். மாற்று பிட்சர்கள் சூடாகும் இடத்தைக் கட்டுரையில் 'காளைத் தொழுவம்' என்று மொழிபெயர்த்திருந்தீர்கள். எந்த வாசகரும் அதைப் படித்துவிட்டு ஆண்டர்சனை அங்கே தேடிக் கண்டுபிடிக்க முடியாது. புல்பென் என்றே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நியூ ஜெர்சி